விற்பனை வரி போட்டவரும் ரேஷனை எடுத்தவரும் ஒருவரே



நம் பக்கத்து ஊர்களில் எந்த வணிகர் சங்கக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் சுவரில் காந்தியடிகள் படம் இருக்கும். பெருந்தலைவர் காமராஜர் படம் இருக்கும். சங்கத்தை ஆரம்பித்த பெரியவர்களின் படங்கள் மாலையோடு வரிசையாக இருக்கும். ராஜாஜி படத்தை நாம் பார்த்த இடங்கள் மிகவும் குறைவு. மூத்த அங்கத்தினர்களிடம் காரணம் கேட்டால், "விற்பனை வரி போட்ட மனுஷனுக்குப் படம் வேறயா?" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். இளைய தலைமுறை வணிகர்களுக்கு அதுவும் தெரியாது. குலக்கல்வி என்ற ஒரு சொல் எங்கோ காதில் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

கணக்கு எழுதிப் பிழைக்கிற நாம், ஒரு பக்கத்தை மட்டும் கூட்டி இருப்புக் கட்டுவதில்லை. சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரின் பேரேட்டில் நம் தொழிலுக்கு வரவு என்ன, பற்று என்ன என்று பார்க்கவே இதை எழுதுகிறோம். நாம் எந்தக் கட்சியிலும் அங்கத்தினர் கிடையாது. வாசகர்களும் கட்சிக் கண்ணாடியைச் சற்றுக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்ற சிற்றூரில் 1878 டிசம்பர் 10ஆம் தேதி பிறந்தவர் ராஜாஜி. அன்று அது சேலம் மாவட்டம், இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். தகப்பனார் கிராம முன்சீப். பெங்களூரில் கல்லூரிப் படிப்பு, சென்னையில் சட்டப் படிப்பு. 1900இல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். தொழில் நன்றாக நடந்தது. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார். காந்தியடிகளைச் சந்தித்த பிறகு, ஒத்துழையாமை இயக்கத்துக்காக அந்த வருமானத்தை ஒரே நாளில் உதறினார். 1921 டிசம்பரில் கைதாகி நம் பழைய மாவட்டத் தலைநகரான வேலூர்ச் சிறையில் இருந்தார். நன்றாக ஓடுகிற கடையை இழுத்து மூடிவிட்டுப் பொதுக்காரியத்துக்குப் போ என்றால் நம்மில் எத்தனை பேர் போவோம் என்று எண்ணிப் பார்த்தால் அந்தச் செயலின் கனம் விளங்கும்.

1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் வேலை, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரச்சாரம் எல்லாம் அங்கிருந்து நடந்தன. மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை 1929இல் ஆரம்பித்தார். பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற கல்கி அங்கேதான் அவருக்கு உதவியாக வேலை பார்த்தார்.

மளிகை வணிகர்கள் நினைவில் வைக்க வேண்டிய வருஷம் 1930. உப்பு நம் கடையில் மிகவும் மலிவான சரக்கு. வாசலிலேயே மூட்டை கிடக்கும், மழை வந்தால்தான் உள்ளே தூக்குவோம். அந்த உப்புக்கு அரசு வரி போட்டு, கடலோரத்தில் இருக்கிறவன்கூடத் தானாக அள்ளக்கூடாது என்று சட்டம் வைத்திருந்தது. காந்தியடிகள் தண்டிக்குப் போனதைப் பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். அதே ஏப்ரல் மாதம் 13ஆம் தேதி ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போனார். தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் என்பவர், இவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று உத்தரவு போட்டார். வெளிப்படையாகக் கொடுத்தால்தானே குற்றம் என்று ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். வேதாரண்யத்தில் இவர்களை வரவேற்று ஆதரித்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. ஏப்ரல் 30ஆம் தேதி உப்பு அள்ளி ராஜாஜி சிறை சென்றார்.

இனி நமக்கு நேராகச் சம்பந்தப்பட்ட கணக்குக்கு வருவோம்.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அன்று முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். அன்றைய சென்னை மாகாணம் என்றால் ஆந்திரக் கடற்கரை, ராயலசீமை, மலபார் எல்லாம் சேர்ந்தது. அரசுக்கு வந்த வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கள்ளு, சாராயக் கடைகளிலிருந்து வந்தது. பதவி ஏற்ற மூன்றாவது மாதம், 1937 அக்டோபர் 1ஆம் தேதி, தன் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் சித்தூர், கடப்பை மாவட்டங்கள். 1939 அக்டோபரில் நம் வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை அன்று வட ஆற்காட்டில்தான் இருந்தது. நமக்கென்று தனி மாவட்டம் வந்தது 1989 செப்டம்பரில் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

கள்ளுக்கடை மூடினால் கஜானாவில் விழுகிற ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது? அதற்காகப் பிறந்ததுதான் 1939ஆம் வருஷத்துச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாச் சரக்குக்கும் பொதுவாக விற்பனை வரி என்பது இந்தியாவிலேயே முதன்முதலாக நம் மாகாணத்தில்தான் வந்தது. விகிதத்தைக் கேட்டால் இன்றைய இளைஞர்கள் சிரிப்பார்கள். வருஷ விற்றுமுதல் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்தால் வரியே கிடையாது. பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை மாதம் ஐந்து ரூபாய். அதற்கு மேல் போனால் நூற்றுக்கு எட்டணா, அதாவது அரை சதவீதம்.

ஆனால் அந்த எட்டணா ஒரு தடவையோடு போகவில்லை. சரக்கு கை மாறும்போதெல்லாம் விழுந்தது. விவசாயி தன் சொந்த விளைச்சலை விற்றால் அவருக்கு வரி இல்லை. அந்த மல்லாட்டையை வாங்கி விற்கிற மண்டிக்காரர் கட்ட வேண்டும். செக்குக்காரர் எண்ணெயாக விற்கும்போது கட்ட வேண்டும். அதை வாங்கி விற்கிற மொத்த வியாபாரி கட்ட வேண்டும், அப்புறம் சில்லறைக் கடைக்காரரும். இன்று ஜி.எஸ்.டி.யில் முன்னால் கட்டியதைக் கழித்துக்கொள்கிறோமே, அந்தக் கழிவு அன்று கிடையாது.

நமது தகப்பனார் அப்போது பதினாலு வயதுப் பையன். தேரடித் தெருவில் ஒரு மளிகைக் கடையில் சம்பளத்துக்கு இருந்தார். வரியைவிட, கணக்கைக் காட்டச் சொன்னதுதான் முதலாளிக்குப் பொறுக்கவில்லை என்று அவர் சொல்லுவார். அதுவரைக்கும் சின்னக் கடைக்காரனின் சிட்டையும் பேரேடும் அவனுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் பிள்ளையாருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஆயுத பூஜை அன்று மஞ்சள் பொட்டு வைத்துப் பூஜை போட்ட புத்தகத்தை ஓர் அதிகாரி மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டால் அந்தக் காலத்து மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்? மாகாணம் முழுக்க வணிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ராஜாஜி அசையவில்லை. எதிர்ப்புக்கு அசைகிற பழக்கம் அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை. அது அவருடைய பலம் என்று சிலர் சொல்வார்கள். பலவீனம் என்பது நம் அபிப்பிராயம். ஏன் என்று பின்னால் வருகிறோம்.

ஒன்றை மட்டும் இங்கே கவனிக்க வேண்டும். அந்த வரிக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருந்தது. எழுதிக் கையெழுத்துப் போடாத ஒப்பந்தம்தான். அரசு கள்ளுப் பணத்தை விட்டுவிடுகிறது. அதற்கு ஈடாக வணிகர் கையிலிருந்தும், அவர் மூலமாக வாங்குகிறவர் கையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. கூலிக்காரர் குடிக்காத காசு வீட்டுக்குப் போகும், வீட்டிலிருந்து அரிசியாகவும் பருப்பாகவும் துணியாகவும் கடைக்கு வரும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வரி போட்டவர் அதற்குப் பதிலாகத் தாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதையும் சொல்லிவிட்டுப் போட்டார். இந்த மாதிரி வரியை அதற்குப் பிறகு நாம் பார்த்ததில்லை.

ஒப்பந்தம் எத்தனை நாள் நின்றது? அதே 1939 அக்டோபர் கடைசியில், இந்தியத் தலைவர்களைக் கேட்காமல் வெள்ளைக்கார அரசு இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டதைக் கண்டித்து காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. ராஜாஜியும் வெளியே வந்தார். யுத்த காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்துக் கள்ளுக்கடைகளைத் திறந்துவிட்டது. விற்பனை வரியை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்துவதற்குப் பதிலாக ஏற்றினார்கள். எட்டணா ஒரு ரூபாய் ஆயிற்று, பிறகு ரூபாய்க்கு மூன்று பைசாவாக, பழைய பைசா கணக்கில், வளர்ந்தது. ஒப்பந்தத்தில் நம் பக்கம் மட்டும் அமலில் இருக்கிற வழக்கம் அன்றே ஆரம்பமாகிவிட்டது.

நிற்க. அந்த முதல் ஆட்சியின் பற்றுப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். ஊரெல்லாம் எதிர்த்தது. ஆயிரத்துக்கு மேல் மக்கள் சிறை போனார்கள். நடராசன், தாளமுத்து என்ற இரண்டு இளைஞர்கள் 1939இல் சிறையிலிருந்தபோது நோய்ப்பட்டு இறந்தார்கள். 1940 பிப்ரவரியில் அந்த உத்தரவை கவர்னர் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. வடநாட்டு வியாபாரியிடம் பேச இந்தி தேவை என்று நினைக்கிற வணிகன் தானே கற்றுக்கொள்வான். நமக்கே குண்டூர் மிளகாய் வாங்கப் போய்த் தெலுங்கு வந்தது, எந்தச் சர்க்காரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதே ஆட்சியில் 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும், 1939இல் கோயில் நுழைவுக்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. கடன் நிவாரணச் சட்டத்தால் வட்டிக்குக் கொடுத்த வணிகர் சிலருக்கு நஷ்டம்தான். ஆனாலும் அது நியாயமான நஷ்டம் என்றே நாம் கருதுகிறோம்.

1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சேராமல் தனித்து நின்றது, 1944இல் பாகிஸ்தான் பிரச்சினைக்கு அவர் வைத்த யோசனை எல்லாம் பெரிய சரித்திரம். அதற்கு இங்கே இடம் போதாது. சுதந்திரம் வந்ததும் மேற்கு வங்கத்துக்கு கவர்னரானார். 1948 ஜூன் முதல், குடியரசு ஏற்பட்ட 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே இந்தியர் அவர்தான், கடைசியாக உட்கார்ந்தவரும் அவர்தான்.

அந்தப் பதவியில் இருக்கும்போதுதான் நம் திருவண்ணாமலைக்கு வந்தார். 1949 மே 14ஆம் தேதி. அருணாசலேசுவரர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் இருக்கும் பாதாள லிங்கச் சன்னதி, ரமணர் இளம் பிராயத்தில் இந்த ஊருக்கு வந்த புதிதில் அசையாமல் உட்கார்ந்திருந்த இடம். அது புதுப்பிக்கப்பட்டு அன்று ராஜாஜி கையால் திறக்கப்பட்டது. கவர்னர் ஜெனரல் வருகிறார் என்று ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. நமது தகப்பனாரும் கூட்டத்தில் நின்றார். ஒல்லியான மனிதர், கறுப்புக் கண்ணாடி, கதர்த் துண்டு என்று அவர் சொன்னதுதான் நமக்கு ராஜாஜி பற்றிய முதல் சித்திரம்.

அன்று கோயிலில் நடந்ததைவிட ரயிலடியில் நடந்ததுதான் சரித்திரம் ஆயிற்று. பெரியார் ஈ.வெ.ரா. நம் ஊர் ரயில் நிலையத்தில் ராஜாஜியின் தனி ரயில் பெட்டிக்குள் போய்ச் சந்தித்துப் பேசினார். இருவரும் சேலம், ஈரோடு நகரசபைத் தலைவர்களாக இருந்த காலத்துச் சிநேகிதர்கள். அரசியலில் எதிரும் புதிருமாக நின்றவர்கள். என்ன பேசினார்கள் என்று இருவரும் வெளியே சொல்லவில்லை. ஊகங்கள் கிளம்பின. ஜூலை மாதம் பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டார். செப்டம்பர் 17ஆம் தேதி அண்ணாவும் நண்பர்களும் பிரிந்து தி.மு.க.வைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு அரசியலை மாற்றிய வருஷத்தில் நம் ஊர் பிளாட்பாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இன்று ரயிலடியில் சரக்கு இறக்குகிற எத்தனை பேர் அறிவார்கள்! 1972இல் ராஜாஜி மறைந்தபோது பெரியார் மயானத்துக்கு வந்து கண்ணீர் விட்டார். எதிரியின் சாவுக்கு அழத் தெரிந்த தலைமுறை அது.

இப்போது வரவுப் பக்கம்.

1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. அதிலிருந்து உணவுத் தானியக் கட்டுப்பாடு. அரிசிக்கு ரேஷன், துணிக்குப் பெர்மிட், மண்ணெண்ணெய்க்கு கார்டு. விவசாயியிடம் அளவு வைத்துக் கொள்முதல். ஒரு மாவட்டத்து நெல் அடுத்த மாவட்டத்துக்குப் போகக்கூடாது. செங்கம் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு இரண்டு மூட்டை கொண்டுவர ராத்திரியில் மாட்டுவண்டி ஓட்டின கதைகளை எல்லாக் குடும்பத்திலும் சொல்வார்கள். நேர்மையாகத் தொழில் செய்தவன் கடையில் தூசி தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துணிந்தவன் பின்கட்டில் பணக்காரன் ஆனான். வியாபாரி என்றாலே கள்ளச்சந்தைக்காரன் என்ற கெட்ட பெயர் நமக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பத்து வருஷத்தில்தான். காந்தியடிகள் கட்டுப்பாட்டை எடுக்கச் சொன்னார். 1947 கடைசியில் எடுத்தும் பார்த்தார்கள், விலை ஏறியதும் பயந்து 1948இல் திரும்பவும் போட்டார்கள்.

1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. எழுபத்து மூன்று வயதில், டில்லியில் உள்துறை மந்திரி வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்த ராஜாஜியை மறுபடி அழைத்தார்கள். தேர்தலில் நிற்காமல் மேல்சபை நியமனத்தின் மூலம் ஏப்ரல் மாதம் முதலமைச்சர் ஆனார். ஜனநாயகத்துக்கு அது அழகில்லை என்று அன்றே பலர் சொன்னார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வந்த இரண்டே மாதத்தில், ஜூன் மாதம், அரிசிக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் ஒரே வெட்டாக எடுத்துவிட்டார். வறட்சி விட்டபாடில்லாத நேரம். அதிகாரிகள் பயந்தார்கள். கம்யூனிஸ்டுகள் பஞ்சம் வரும் என்றார்கள். டில்லியில் உணவு மந்திரியாக இருந்த ரபி அகமது கித்வாய் ஒருவர்தான் துணை.

பஞ்சம் வரவில்லை. ஒளிந்து கிடந்த அரிசி வெளியே வந்தது. கிராமத்து நெல் பகல் வெளிச்சத்தில் வண்டி ஏறியது. பிறகு மழையும் கைகொடுத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். சென்னையைப் பார்த்து மற்ற மாகாணங்களும் தைரியம் பெற்று, 1954இல் நாடு முழுவதும் கட்டுப்பாடு போயிற்று. நமது தகப்பனார் சம்பள வேலையை விட்டுச் சின்னக்கடைத் தெருவில் தானாக ஒரு கடை வைத்தது இந்த உத்தரவுக்கு அப்புறம்தான். அரிசியை மறைக்காமல் வாசலில் குவித்து விலைச் சீட்டு நட்டு விற்ற முதல் நாள் அவருக்குக் கடைசி வரைக்கும் ஞாபகம் இருந்தது. நாமும் இன்று தொழில் செய்து நாலு குடும்பத்துக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது. இந்த வரவை நாம் பேரேட்டில் எழுதாமல் விட்டால் அது நாணயம் ஆகாது.

அந்த நல்ல பெயரை அவரே கெடுத்துக்கொண்டார். 1953இல் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மிச்ச நேரம் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று ஒரு திட்டம். பள்ளி போதாத குறைக்கு இரண்டு ஷிப்டு வைத்தால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவருடைய கணக்கு. சட்டசபையில் எத்தனையோ பேர் எடுத்துச் சொன்னார்கள், தன் கட்சியிலேயே எதிர்ப்பு கிளம்பியது, இறங்கி வரவில்லை. வணிகர் வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டதும் கல்லாவில் உட்கார்ந்து தராசு பிடிக்கக் கற்பது உண்மைதான், நாமும் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் நமக்குப் படிப்பு வேண்டும் என்றால் படிக்க வழி இருந்தது, கடை வேண்டும் என்றால் கடை இருந்தது. நம் மண்டியில் மூட்டை தூக்குகிறவர் பிள்ளைக்கு மூட்டைதானே இருந்தது? அந்தப் பிள்ளைக்கு அரை நாளை எடுத்துவிட்டு எதைக் கொடுத்தார்? குலக்கல்வி என்று அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார், காமராஜர் முதலமைச்சரானார், அடுத்த மாதமே திட்டம் குப்பைக்குப் போயிற்று. நம் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் இன்று என்ஜினீயர்களாக இருக்கிறார்கள் என்றால் அந்தக் கணக்கு காமராஜர் பேரில்தான் எழுதப்பட வேண்டும். எதிர்ப்புக்கு அசையாதது பலவீனம் என்று முன்பு சொன்னது இதனால்தான். எதிரே நின்று கத்துகிறவன் வாடிக்கையாளராகவும் இருக்கலாம் என்பது கடை வைத்தவனுக்குத் தெரியும். அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அந்த 1954இலேயே அவருக்குப் பாரத ரத்னா கிடைத்தது. 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதியதற்கு 1958இல் சாகித்ய அகாடமி பரிசும் கிடைத்தது. எண்பது வயதில் ஓய்வெடுத்திருக்கலாம். அவரோ 1959இல் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார். தானிய மொத்த வியாபாரத்தை அரசே நடத்துவது, கூட்டுறவுப் பண்ணை என்றெல்லாம் டில்லியில் பேச்சு நடந்த காலம் அது. லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் என்று அவர் அந்த ஆட்சிக்கு வைத்த பெயர் நாடெங்கும் பரவிற்று. நாம் 1970களின் பிற்பகுதியில் மண்டியில் உட்கார்ந்தபோதும் அந்த ராஜ்யம் நடந்துகொண்டுதான் இருந்தது. உணவுத் தானிய லைசென்சைப் புதுப்பிக்க ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். மூன்றாவது நாள் சாயங்காலம், படிவத்தில் ஒரு இடத்தில் மை ஊறியிருக்கிறது, வேறு எழுதி வா என்றார்கள். இப்படிப்பட்ட பெஞ்சில் உட்காராத வணிகர் நம் வயதில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

சுதந்திராக் கட்சி 1962இல் மக்களவையில் 18 இடம், 1967இல் 44 இடம் பெற்று எதிர்க்கட்சிகளில் முதலாவதாக வந்தது. ஆனால் ராஜாக்களும் ஆலை அதிபர்களும் சூழ்ந்த கட்சி என்ற பெயர் அதற்கு இருந்தது. சாதாரண மளிகைக்காரர் கிட்டே போகத் தயங்கினார். 1967இல் தமிழ்நாட்டில் அண்ணாவோடு கூட்டுச் சேர்ந்து காங்கிரசைத் தோற்கடித்தார். 1971இல் அதே தி.மு.க.வைத் தோற்கடிக்கக் காமராஜரோடு கூட்டுச் சேர்ந்து தானே தோற்றார். அரசியலில் இதெல்லாம் சகஜம் என்பார்கள். வியாபாரத்தில் இப்படிக் கூட்டாளி மாற்றினால் கடன் கொடுக்க ஆள் கிடைக்காது.

அவர் 1972 டிசம்பர் 25ஆம் தேதி, 94 வயதில் மறைந்தார். நாலு மாதம்கூட ஆகவில்லை, 1973 ஏப்ரலில் மத்திய அரசு கோதுமை மொத்த வியாபாரத்தைத் தானே எடுத்துக்கொண்டது. கொள்முதல் விழுந்தது, சரக்கு மறைந்தது, விலை ஏறியது. ஒரு வருஷத்தில், 1974இல், வணிகர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். 1991இல் வந்த மாற்றங்களைப் பார்த்தபோதும் கிழவர் முப்பது வருஷம் முன்னாலேயே சொன்னார் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மைதான். ஆனால் பெர்மிட்டை எடுத்துவிட்டால் போதும், சின்னவனும் பெரியவனும் சமமாக ஓடுவார்கள் என்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. வாய்க்காலைத் திறந்துவிட்டால் சுறாவும் வரும். இன்று கைப்பேசியில் பருப்பு விற்கிற கம்பெனிகளோடு சின்னக்கடைத் தெருக் கடைக்காரர் போட்டி போடுகிற கஷ்டத்துக்கு அவர் புத்தகங்களில் மருந்து இல்லை.

ஆகவே கணக்கை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறோம்? மதுவிலக்கில்தான்.

1948 அக்டோபர் 2 முதல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. 1971இல் கலைஞர் ஆட்சி அதைத் தளர்த்த முடிவு செய்தபோது, தொண்ணூற்றிரண்டு வயது ராஜாஜி கொட்டுகிற மழையில் முதலமைச்சர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வாழ்நாளில் யாரிடமும் இறங்கி வராத மனிதர், இதற்காக ஒருவர் வீட்டுப் படியேறினார். பலிக்கவில்லை. அந்த ஆகஸ்டு கடைசியில் கடைகள் திறந்தன. 1974க்குள் மறுபடி மூடினார்கள். 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள், அது நல்ல காரியம். ஆனாலும் 2023-24இல் மது மூலம் அரசுக்கு வந்த தொகை 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

விற்பனை வரியோ ஒரு நாளும் நிற்கவில்லை. 1959இல் புதுச் சட்டம், 2007 ஜனவரியில் வாட், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் பையில் அடைத்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீதம். சாராயம் ஜி.எஸ்.டி.க்கு வெளியே தனி மரியாதையோடு இருக்கிறது, பருப்பு உள்ளே இருக்கிறது. குடியை விட்டதற்கு ஈடாகப் போட்ட வரியையும் வாங்கிக்கொண்டு, குடியையும் விற்கிற அரசு இது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் மாற்றம் இல்லை. நம்மிடம் வாங்குகிற சில்லறைக் கடைக்காரர்களின் கடன் நோட்டைப் புரட்டினால் மற்றது தெரியும். சனிக்கிழமை கூலி வாங்கிய கை ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை கிலோ பருப்புக்கு "எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்கிறது. சொல்லுகிறவர் பெரும்பாலும் அந்த வீட்டு அம்மா. அவரிடம் கடைக்காரர் என்ன கறாராகப் பேச முடியும்? அங்கே வசூலாகாதது நமக்கு வராது, நமக்கு வராதது மில்லுக்குப் போகாது.

வரி கட்டமாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. மே 5 வணிகர் தின மாநாடுகளில் ஆண்டுதோறும் ரிட்டர்ன் சிக்கல், அபராதம், செக் போஸ்ட் தொல்லை என்று தீர்மானம் போடுகிறோம். இந்த வரி எதற்காகப் பிறந்தது என்ற கேள்வியை ஒரு தீர்மானத்திலும் கேட்டதாக நமக்கு நினைவில்லை. விற்பனை வரி போட்டவர் என்று ராஜாஜியை ஏசுகிறவர்கள் அவர் எழுதிய கணக்கின் மறுபக்கத்தை எடுத்து அரசிடம் காட்டலாமே! தீபத் திருவிழா நாட்களில் நம் ஊரில் மதுக்கடைகளை மூடக் கலெக்டர் உத்தரவு போடுகிறார். சாமிக்காக மூட முடிகிறதை, கடைத்தெருக்களிலும் கூலியாட்கள் வசிக்கிற தெருக்களிலும் படிப்படியாக நிரந்தரமாகச் செய்யக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

இந்த வகையில் இரண்டு விஷயங்களைச் சங்கச் செயலாளரிடம் எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறோம். ஒன்று, மேற்படி கோரிக்கை, 1939ஆம் வருஷத்துச் சட்டத்தின் வரலாற்றோடு மனுவாக அரசுக்குப் போக வேண்டும் என்பது. மற்றது, சங்கக் கூடத்தில் காமராஜர் படத்துக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் ஆணியைப் பற்றியது. ஆட்சேபணை உள்ளவர்கள் அடுத்த பொதுக்குழுவுக்கு வந்து நேரில் சொல்லலாம். காரசாரமாகச் சொன்னாலும் கேட்டுக்கொள்வோம்.